எங்கள் குட்டையில் மீன்கள் துள்ளி விளையாடிய ஞாயிறு

மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவன் பக்கத்தில் எந்த உயிரினமும் நிம்மதியாக இருக்க முடியாது. அதிலும் மூன்றாம் நாள் மதியமே பாதியில் எழுந்து வந்துவிட்டவன் என்றால் கேட்கவே வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைவதற்கு முன்பே படியில் நிற்பேன். டீ குடித்து முடித்த பிறகும் கிளாஸைக் கலக்கிக்கொண்டிருப்பேன். விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, ஸ்டெல்லா காபி கொண்டு வந்த நேரத்தில், நான் அவர்கள் வீட்டு மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். (அப்படியும் அவளுக்கு என்னைப் பிடித்தது. காரணம் இன்றுவரை தெரியவில்லை, கேட்கவும் பயம்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். சிரிக்க வேண்டாம், இது பின்னால் தேவைப்படும். ஒலக்கூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், அதில் கத்தரியும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும், ஓரத்தில் ஒரு பண்ணைக்குட்டை. குட்டை அம்மாவின் ராஜ்ஜியம். கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டு, தவிடும் மல்லாட்டைப் புண்ணாக்கும் பிசைந்து போட்டு வளர்த்தார். காலை ஆறு மணிக்குக் கரையில் நின்று இரண்டு கையையும் தட்டுவார். மீன்கள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். நான் பத்து முறை கூப்பிட்டாலும் வராதவன் என்பதால், இதைச் சொல்லிக்காட்டுவது அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

பெண் பார்த்த கையோடு நான் அந்த இயற்கை விவசாய முகாமுக்குப் போனேன். முதல் நாள் மண். இரண்டாம் நாள் மூலிகைப் பூச்சிவிரட்டி தயாரிப்பு. மூன்றாம் நாள் மதியம் என்னமோ வகுப்பு இருந்தது. அதற்குள் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. சான்றிதழை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், "கொல்லி இல்லைங்க, விரட்டி. செடிகொடியில செஞ்சது. ஒரு உயிருக்கும் கெடுதல் கிடையாது" என்று வகுப்பெடுத்தேன். பால்காரரைக்கூட விடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நீல டிரம்மில் வேலை தொடங்கியது. வேப்பிலை, எருக்கு, நொச்சி, ஆடாதொடை, மாட்டுக் கோமியம், புகையிலை. திண்டிவனத்தில் ஒரு கடையில் இலுப்பைப் புண்ணாக்கும் கிடைத்தது. பூச்சிக்கு அதுவும் நல்லது என்று முகாமில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. எவ்வளவு போட வேண்டும் என்று கேட்க எனக்குப் பொறுமை ஏது? ஒரு மூட்டையை அப்படியே கொட்டினேன். பத்து நாளில் அந்த டிரம் ஒரு வாடை வீசியது பாருங்கள், எங்கள் வீட்டு நாய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. கத்தரிக்கு ஒரு முறை தெளித்தேன். முக்கால் டிரம் மீதி.

இந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. வந்தவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், பேசுவார்கள், காபித்தண்ணி குடிப்பார்கள். ஆனால் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைக்காமல் எழுந்து போய்விட்டால் அந்தப் பேச்சு அதோடு சரி.

இதில் இன்னொரு சிக்கல். அது தவக்காலம். ஈஸ்டர் வரும் வரை எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் கறி கிடையாது. விருந்தென்றால் மீன் ஒன்றுதான். அம்மா அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"எங்கையால வளத்த கட்லா. அதுல கொழம்பு வெச்சிப் போட்டா எந்தச் சம்பந்திதான் கை நனைக்காமப் போவான்?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் பூசை. அது முடிந்ததும் வலை போட ஆள் வருவார். பதினோரு மணிக்கு விருந்தாளிகள். எல்லாம் கச்சிதம். விடிந்ததும் அம்மா கரையில் கை தட்டி, கடைசி முறையாகத் தீனி போட்டுவிட்டு வந்தவர் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டேய் அருளு, அந்த நாத்தம் புடிச்ச டிரம்ம மொதல்ல இங்கேர்ந்து தூக்கு. அவங்க வந்தா மூக்கப் பொத்திக்கினு அப்பிடியே திரும்பிப் போய்டுவாங்க. ஜல்தி."

"எங்கம்மா கொண்டு போறது?"

"எங்கனா கொட்டு. என் கண்ணுல படாம கொட்டு."

டிரம் கனமோ கனம். தூக்க முடியாது, உருட்டத்தான் முடியும். உருட்டினால் சரிவு குட்டைப் பக்கம்தான் இருந்தது. வெயில் காலம், குட்டையில் முழங்காலுக்குச் சற்று மேலேதான் தண்ணீர். கரையில் நின்று யோசித்தேன். (யோசித்தேன் என்று சொல்வது என் மேல் எனக்கே இருக்கும் கருணை.) இலை, தழை, புண்ணாக்கு, எல்லாமே இயற்கை. அம்மா போடுவதும் புண்ணாக்கு, இதுவும் புண்ணாக்கு. மீனுக்குச் சத்துதானே? டிரம்மைக் கவிழ்த்தேன். குட்டை முழுக்க வெள்ளை நுரை பொங்கியது.

கால் மணி நேரத்தில் அதிசயம். அடியில் கிடக்கும் மீன்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன. வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு கட்லா முழு உடம்பும் தெரிய எகிறி விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. செல்லை எடுத்து வீடியோ பிடித்தேன். கீழே எழுதினேன்: 'இயற்கையின் அரவணைப்பில் துள்ளி விளையாடும் எங்கள் வீட்டு மீன்கள். நஞ்சில்லா உலகம் படைப்போம்.' ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அம்மா அப்பாவோடு கோவிலுக்குக் கிளம்பினேன்.

கோவிலில் புனிதர் சுரூபங்களுக்கெல்லாம் தவக்கால ஊதாத் துணி போர்த்தியிருந்தது. ஆண்கள் வரிசையில் நான், பெண்கள் வரிசையில் அம்மா. ஃபாதர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். சட்டைப்பையில் செல் அதிர்ந்தது. ஓரமாக எடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்லா!

நம்பர் வாங்கி மூன்று வாரம் ஆகியும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளிடமிருந்து வரும் முதல் செய்தி. அதுவும் கோவிலில். இதை ஆசீர்வாதம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது? திறந்தேன்.

'மீனுங்க வெளையாடலைங்க. மூச்சு முட்டி மேல வந்து வாயப் பொளக்குதுங்க. தண்ணியில என்னா ஊத்துனீங்க?'

நான் பெருமையோடு எருக்கு, நொச்சியில் தொடங்கி முழுப் பட்டியலையும் அனுப்பினேன். கடைசியில் இலுப்பைப் புண்ணாக்கு ஒரு மூட்டை என்றும் சேர்த்தேன். உடனே பதில் வந்தது.

'ஐயோ. எங்க பெரியப்பா மீன் வளக்கறவரு. புதுசா குஞ்சு விடறதுக்கு முன்ன, குளத்துல இருக்கற பழைய மீனையெல்லாம் சாகடிக்கறதுக்கு அதைத்தாங்க போடுவாரு.'

ஏசி இல்லாத கோவிலில் எனக்குக் குளிர் எடுத்தது.

இலுப்பைப் புண்ணாக்கில் சோப்பு மாதிரி நுரைக்கிற சரக்கு ஒன்று இருக்கிறது. அது மீனின் செவுளையும் ரத்தத்தையும் கெடுத்துவிடும். தண்ணீரில் காற்று இருந்தாலும் மீனால் எடுத்துக்கொள்ள முடியாது. இதில் நான் புகையிலை வேறு சேர்த்திருந்தேன், அது சும்மா இருக்குமா? செவுள் எப்படி வேலை செய்கிறது என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் நான். படம் வரைந்து பாகம் குறிப்பேன்.

அடுத்த செய்தி: 'உடனே தண்ணிய மாத்துங்க.'

அதற்கடுத்து, சற்று இடைவெளி விட்டு: 'எங்க வீட்டுல நான் சொல்லல. நீங்களே சொல்றீங்களான்னு பாக்கறேன்.'

மின்விசிறிச் சத்தத்துக்கே ஸ்டூல் ஏறியவன் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஃபாதரோ நிதானமாகப் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடி, கை கூப்பி, சம்பந்தம் கூடி வர வேண்டிக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடி மீன் மாதிரி சைகை காட்டினேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா பயந்து சிலுவை போட்டுக்கொண்டார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து ஓடினேன். அந்தப் பங்குக் கோவிலில் அதுவரை யாரும் அப்படி ஓடியதில்லை.

அப்பாவின் டிவிஎஸ் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்து மோட்டார் சுவிட்சைப் போட்டேன். வேலை செய்யவில்லை. த்ரீ பேஸ் கரண்ட் அந்த வாரம் மதியத்துக்கு மேல்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேன்ட்டோடு குட்டையில் இறங்கினேன். ஒரு பக்கெட்டால் தண்ணீரை வெளியே இறைத்தேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் பிடித்துப் போட்ட நாலைந்து மீன்களும் கொஞ்ச நேரம் சாய்ந்து நீந்திவிட்டு அடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை வயிறு மேலே வந்துகொண்டிருந்தது. தவளைக் குஞ்சுகளும் தண்ணீர்ப் பூச்சிகளும்கூடக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. நான் ஒரு உயிரையும் விடவில்லை.

பூசை முடிந்து அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா கரைக்கு வந்தார். பார்த்தார். பக்கத்தில் கிடந்த டிரம்மைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

அப்பா அதிகம் பேசாதவர். வலை போட வந்த ஆளைப் பார்த்து, "வலை வேணாம்பா. கூடை இருந்தா போதும்" என்றார்.

பத்தே முக்காலுக்கு அம்மா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இத பாரு. கேட்டா வெயில்ல செத்துப்போச்சின்னு சொல்லிடு. தண்ணி கம்மி, சூடு தாங்கல, அவ்ளோதான். வேற ஒண்ணும் ஒளறாத. உங்கப்பன் வாயத் தொறக்க மாட்டான், நீதான் தொறப்ப."

அம்மாவுக்கு ஸ்டெல்லாவின் செய்தி தெரியாது. சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

ஸ்டெல்லாவின் அப்பா லூர்துசாமி பஸ் கண்டக்டர். எவ்வளவு கூட்டத்திலும் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துவிடும் கண். கூட அவருடைய அக்கா, ஸ்டெல்லாவுக்கு அத்தை. இன்னும் நாலைந்து பேர். (பெண் இந்த மாதிரி சமயத்தில் வரக் கூடாது என்பது வழக்கம். அவள் வராததற்கு நான் அன்று எவ்வளவு நன்றி சொன்னேன்!) வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள். பிறகு அந்த அத்தை, "மீன் குட்டை இருக்குதாமே? பொண்ணு சொல்லிச்சு. வா பாக்கலாம்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். யாராலும் தடுக்க முடியவில்லை.

கரையில் மூன்று கூடை மீன். குட்டையில் இன்னும் மிதப்பது பாக்கி. லூர்துசாமி மீன்களைப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேறாக நின்ற என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு தம்பி? வெயிலுக்கா?"

பாருங்கள், பொய்யை அவரே எடுத்துக் கையில் கொடுக்கிறார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அம்மா பின்னால் நின்று என் முதுகில் விரலால் குத்தினார். சட்டைப்பையில் செல் கனத்தது. 'சொல்றீங்களான்னு பாக்கறேன்.'

"இல்லைங்க. நான்தாங்க கொன்னுட்டேன்," என்றேன்.

அதன் பிறகு வாய் நிற்கவில்லை. முகாம், டிரம், இலுப்பைப் புண்ணாக்கு, வீடியோ, ஸ்டேட்டஸ், கோவிலில் ஓடியது வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். ஸ்டெல்லா செய்தி அனுப்பியதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவளுக்கு வம்பு என்கிற அளவுக்காவது அன்று மூளை வேலை செய்தது.

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "மாப்ள இன்னா வாத்தியாரு?"

"உயிரியல்," என்றார் அப்பா. அன்று அவர் வாய் திறந்தது இது இரண்டாவது முறை. அதையும் பேசாமல் இருந்திருக்கலாம்.

எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். அந்த மீனை யாருக்கும் போடும் தைரியம் எங்களுக்கு இல்லை. அம்மா அவசர அவசரமாகச் சாம்பாரும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் செய்து இலை போட்டுவிட்டார். லூர்துசாமி குழம்பை எட்டிப் பார்த்தார்.

"கத்திரிக்கா நம்ம தோட்டமா?"

"ஆமாங்க," என்றார் அம்மா, பாவம், பெருமையாக.

"அதுக்கும் இந்தத் தண்ணிதான் அடிச்சீங்களா?"

நான், "ஒரே ஒரு தடவதாங்க" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கத்தரிக்காய் இன்னொரு முறை வெந்திருக்கும்.

"நான் இன்னிக்கு ஒருசந்திங்க," என்று அத்தை எழுந்துகொண்டார். தவக்கால உபவாசத்துக்குத்தான் ஒருசந்தி என்று பெயர். உடனே இன்னொருவருக்கும் ஒருசந்தி. வேன் டிரைவருக்குக்கூட ஒருசந்தி. ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். போட்ட இலைகள் அப்படியே கிடந்தன. ஒருவர் கையும் நனையவில்லை. லூர்துசாமி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என் கல்யாணம் வாசற்படி தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

அப்போது லூர்துசாமியின் செல் அடித்தது. எடுத்து, "சொல்லும்மா" என்றார். சற்றுத் தள்ளித் தென்னை மரத்தடிக்குப் போனார். அங்கிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"சொல்லிட்டான்... ஆமாம்மா, அவனாத்தான் சொன்னான்... நான் வெயிலுக்கான்னு கேட்டேன், இல்லன்னுட்டான்... உனக்கு எப்பிடித் தெரியும்?... ஓ."

அந்த 'ஓ' ரொம்ப நீளமாக இருந்தது. திரும்பி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட் எடுத்தவன்தான் என்று முடிவு செய்த முகம்.

"யக்கா, உக்காரு," என்றார் அத்தையிடம். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "மோர் இருக்குதாங்களா?"

"இருக்குதுங்க."

"மாட்டுக்கு இவரு ஒண்ணும் குடுக்கலியே?"

"அவன மாட்டுக் கொட்டாய்க்கே விடறதில்லீங்க!"

கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். மோர் சோறு, மோர் மிளகாய். அதோடு சரி. அத்தையும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை நான் ஒருவனே சாப்பிட்டேன். மொத்தச் சட்டியையும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இரண்டு வீட்டாரும் மூன்று நாள் கண்காணித்தார்கள்.

மீன்களைத் தென்னை மரங்களுக்கு நடுவில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரையில் கைதட்டும் சத்தம் கேட்டது. பழக்க தோஷம். இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, போர்வைக்குள்ளேயே அழுதேன். அன்று மாலைதான் முகாமில் கொடுத்த புத்தகத்தை முதல் முறையாகப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, கரைசலைக் குளம், குட்டை, கிணற்றில் கலக்கக் கூடாது என்று போட்டிருந்தது. மூன்றாம் நாள் மதிய வகுப்பு அதைப் பற்றித்தான்.

ஒரு வாரம் கழித்துக் குட்டைச் சேற்றில் ஏதோ அசைந்தது. ஒரு விரால். நாங்கள் விடாத மீன், போன மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி என்பதால் எப்படியோ தப்பித்திருந்தது. அம்மா அதைப் பிடித்துக் கிணற்றில் விட்டு, 'சாட்சி' என்று பெயரும் வைத்தார்.

ஈஸ்டர் முடிந்து கோவிலில் எங்கள் கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஃபாதர் சொன்ன ஒவ்வொரு முறையும் மொத்தக் கோவிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வாரம் அம்மா பக்கத்து அம்மாவிடம், "சொல்ல வேண்டிய ஆளு கெணத்துல கெடக்குது" என்று சொன்னது ஆண்கள் வரிசைவரை கேட்டது.

கல்யாணமாகி ஏழு வருஷம். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் ஸ்டெல்லா அந்த வீடியோவைத்தான் ஸ்டேட்டஸில் போடுகிறாள், நான் எழுதிய அதே வரிகளோடு. மாமனார் முதல் ஆளாகப் பார்த்துவிடுவார். குட்டையில் மறுபடி கட்லாவும் ரோகும் ஓடுகின்றன. இப்போதும் மூலிகைக் கரைசல் போடுகிறேன், அளந்து, அதற்கென்று தனி இடத்தில், ஸ்டெல்லா பக்கத்தில் நிற்க.

அம்மாவிடம் ஒரு சட்டம் மட்டும் இன்னும் மாறவில்லை. கரை ஏறுவதற்கு முன் நான் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் அவருக்குக் காட்ட வேண்டும். வெறும் கை என்று பார்த்துவிட்டுத் தலையசைத்தால்தான் மேலே போகலாம். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. போன வாரம் அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி குட்டை பார்க்க வந்திருந்தாள். ஓடிப்போய்க் கரையில் ஏறப் போனவளைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள் எங்கள் மகள்.

"செருப்பக் கழட்டிட்டுத்தான கோவிலுக்குப் போவ? அந்த மாதிரி கையக் காட்டிட்டுத்தான் கொளத்துக்குப் போவணும். எங்கப்பாவே காட்டுவாரு!"